ஏழு ஆண்டு, நான்கு பேர், ஒரே மேசை

மதுரை எஸ்.எஸ். காலனியில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சைனீஸ் கடை இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன் என்பது ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கே இடம் கிடைப்பதில்லை என்பது இன்னொன்று.

2018-இல் கடை திறந்த மாதத்திலிருந்து நாங்கள் நால்வர் போய்க்கொண்டிருக்கிறோம். ஒருவர் கல்லூரி வாத்தியார். ஒருவன் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. இன்னொருவன் இயந்திரம் வாங்குகிற வேலையாக அவ்வப்போது சீனாவுக்குப் போய்வருகிறவன். நான்காவது நான். சம்பளம் வந்ததும் வருகிற முதல் சனிக்கிழமை எங்கள் நாள். கொரோனா காலத்தில் மட்டும் பொட்டலமாக வாங்கி அவரவர் வீட்டில் தின்றோம். ஆறிப்போன நூடுல்ஸ் எவ்வளவு சோகமான பண்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் வருடம் முழுக்க நாங்கள் தவறாகவே ஆர்டர் செய்துகொண்டிருந்தோம். உட்கார்ந்த உடனே நான்கு பிளேட் ஃப்ரைடு ரைஸ் என்று மொத்தமாகச் சொல்லிவிடுவோம். மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவார். சட்டி நிறைந்துவிட்டால் சூடு இறங்கிவிடும்; சோறு வறுபடாமல் தன் ஆவியிலேயே வேகும். அந்தப் புகை வாசனை வராது. இப்போது ஹாஃப், ஹாஃப் ஆகப் பிரித்து, ஒன்று முடிந்தபின் அடுத்ததைச் சொல்கிறோம். நேரம் ஆகும். ஆகட்டும், பேச எங்களுக்கு விஷயமா இல்லை?

காரத்துக்கு வருகிறேன். மெனுவில் பாதி வரி ‘ஷெஸ்வான்’ என்று தொடங்கும். வற்றல் மிளகாய், பூண்டு, இஞ்சி, வினிகர் சேர்த்து எண்ணெயில் வதக்கிய சிவப்பு விழுது அது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்துக்காரர் சாப்பிட்டால் அடையாளம் கண்டுகொள்வாரா என்பது சந்தேகம். பக்கத்திலேயே இருக்கும் மஞ்சூரியனுக்கும் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவுக்கும் உறவில்லை. மும்பையில் 1970-களில் நெல்சன் வாங் என்ற சமையற்காரர் உருவாக்கியது என்றே சொல்வார்கள்.

2023-இல் எங்கள் சீனப் பயணி சிச்சுவானின் தலைநகர் செங்டுவிலிருந்து ஒரு சிறிய பொட்டலம் கொண்டுவந்தான். உள்ளே வெடித்த மொட்டுப் போலச் செம்பழுப்புத் தோல்கள். சிச்சுவான் மிளகு என்று பெயர்தானே தவிர மிளகு இனமே இல்லை. எலுமிச்சை, நாரத்தை குடும்பம். விதையை எறிந்துவிட்டுத் தோலைத்தான் பயன்படுத்துவார்களாம். கூச்சத்தோடு மாஸ்டரிடம் நீட்டினோம். அவர் டார்ஜிலிங் பக்கத்துக்காரர். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. “இது எங்கள் ஊர் டிம்முர் மாதிரி அண்ணே. அம்மா சட்னியில் அரைப்பார்கள்” என்றார். வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து, வற்றல் மிளகாயோடு சில்லி சிக்கனில் தூவித் தந்தார்.

முதல் வாயில் எலுமிச்சை வாசனை. இரண்டாவது வாயில் உதடு துடித்தது. மூன்றாவதில் நாக்கு மரத்துப்போயிற்று. “பல் பிடுங்க ஊசி போட்டதுபோல இருக்கிறதே!” என்று அலறிய வாத்தியார்தான் பிளேட்டை வழித்தார். காரமும் மரப்பும் சேர்ந்த அந்தச் சுவைக்குச் சீனத்தில் ‘மாலா’ என்று பெயர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீனாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பே இந்த மிளகு அங்கே இருந்தது. மிளகின் பெயரை வைத்தே வந்தேறியான மிளகாய்க்குப் பெயர் சூட்டினோம் நாம். அவர்களும் அதையே செய்திருக்கிறார்கள்: இந்தப் பழைய மிளகு ‘ஹுவாஜியாவ்’, மிளகாய் ‘லாஜியாவ்’. அன்று இரவு வாத்தியார் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மெனுவில் சேர்க்கலாமே மாஸ்டர்?” என்று கேட்டோம். “மதுரையில் யாராவது நாக்கு மரத்துப்போகக் காசு கொடுப்பார்களா?” என்று சிரித்தார். நியாயம்தான். மீதிப் பொட்டலம் மட்டும் இன்னும் அவரிடம் எங்கள் பேரில் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்க 2024 மார்ச்சில் கர்நாடகம் தடை போட்ட செய்தி வந்தபோது, எங்கள் பிளேட்டின் பளீர் சிவப்பைப் பார்த்து முதலாளியிடம் கேட்டோம். மழுப்பினார். மூன்று மாதம் கோபியைத் தொடவில்லை. இப்போது பழுப்பு நிறத்தில் வருகிறது, சுவை குறையவில்லை. அதே வருடம் மாஸ்டர் ஊருக்குப் போன இரண்டு மாதமும் எல்லாப் பண்டத்திலும் சோயா சாஸ் மட்டுமே தெரிந்தது. ஏசி பெயருக்கு ஓடுகிறது. 2018-இல் 90 ரூபாயாக இருந்த ஹாஃப் சிக்கன் ஃப்ரைடு ரைஸ் இப்போது 160. சூப்பை ஒன் பை டூ கேட்டால் மட்டும் இன்றும் இரண்டு கிண்ணத்திலும் தாராளமாக ஊற்றுகிறார்கள்.

காரம் தலைக்கேறினால் தண்ணீர் குடிக்காதீர்கள். மிளகாயின் எரிச்சலைத் தருகிற பொருள் தண்ணீரில் கரையாது, பால்தான் அடக்கும். நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு விளக்குத்தூணுக்குப் போய் ஆளுக்கொரு ஜிகர்தண்டா குடித்துவிடுவோம். பேதமில்லாமல் நால்வருக்கும் பெரிய டம்ளர்.

பக்கத்துத் தெருக்காரர்கள் இந்நேரம் கடையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், அன்று மாஸ்டருக்கு விடுமுறை.