ஆரம்பநிலை எம்டிபி: பாகம் மாற்றுவதா, பணம் சேர்ப்பதா?

15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் வாங்கிய எம்டிபி (மவுண்டன் பைக் சைக்கிள்) ஒன்றிரண்டு வருடம் ஓடியதும் குறைகள் தெரியத் தொடங்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் பள்ளத்தில் டக்கென்று அடிக்கும், டிஸ்க் பிரேக் இழுத்துப் பிடித்தாலும் வழுக்கும், ஏற்றத்தில் கியர் போதாது. ஒவ்வொன்றாக மாற்றலாமா, அந்தப் பணத்தைச் சேர்த்து அடுத்த வண்டியே எடுக்கலாமா? என் ஓட்டு சேமிப்புக்குத்தான். எடை, ஸ்டிக்கர், பிராண்டு பற்றிய வழக்கமான வாதங்களை விட்டுவிடுகிறேன். முடிவு செய்வது ஃபிரேம்.

முதலில் ஹெட் ட்யூபை, அதாவது ஃபோர்க்கின் தண்டு நுழையும் ஃபிரேமின் முன்குழாயைப் பாருங்கள். இன்று கிடைக்கும் நல்ல ஏர் ஃபோர்க்குகளில் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று) பெரும்பாலானவற்றின் தண்டு மேலே 1⅛ அங்குலம், கீழே 1½ அங்குலம் என்று விரிந்திருக்கும். மலிவு ஃபிரேமில் மேலும் கீழும் ஒரே 1⅛தான். வெர்னியர் வைத்து ஹெட் ட்யூபின் வெளிவிட்டத்தை அளந்தால் ஓரளவு பிடிபடும்: 40 மி.மீ.யை ஒட்டியிருந்தால் உள்விட்டம் 34ஆக இருக்கும், விரிந்த தண்டு நுழையாது. 50ஐ ஒட்டியிருந்தால் 44ஆக இருக்க வாய்ப்பு அதிகம். கீழே பேரிங்கை வெளியே வைக்கும் கப் (external cup) போட்டு விரிந்த தண்டை மாட்டிவிடலாம். 34 என்றால் நேர்த்தண்டு ஃபோர்க் மட்டுமே, தேர்வும் குறைவு. அதை வாங்கினாலும் அடுத்த வண்டிக்குக் கொண்டுபோவது சிரமம். தண்டை ரிடியூசர் (அளவைக் குறைக்கும் வளையம்) வைத்துப் பொருத்தினாலும், புது வண்டியின் முன்ஹப் தடித்த 15 மி.மீ. த்ரூ ஆக்சிலுக்கானதாக இருந்தால், மெல்லிய ஆக்சிலுக்கான குயிக் ரிலீஸ் ஃபோர்க்கில் அது நிற்காது.

100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க்குக்கான ஃபிரேமில் 120 போடும் ஆசையும் வேண்டாம். 20 மி.மீ. கூடினால் ஹெட் ஆங்கிள் (ஹெட் ட்யூபின் சாய்வு) ஏறத்தாழ ஒரு டிகிரி சரியும், முன்பக்கம் தூக்கும், டவுன் ட்யூப் வெல்டிங்கில் இழுவை அதிகமாகும்.

அடுத்தது பின்சக்கரம். 7 கியர் வண்டிகளில் பல இன்னும் ஃப்ரீவீல்தான்: பல்சக்கரங்களும் அவற்றைச் சுற்றவிடும் பொறியும் ஒரே துண்டாக ஹப்பில் திருகியிருக்கும். கேசட்டில் பல்சக்கரங்கள் மட்டும் தனி, பொறி ஹப்பிலேயே இருக்கும். கண்டுபிடிக்கச் சக்கரத்தைக் கழற்றிப் பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவிலுள்ள டூல் மாட்டும் பள்ளங்கள் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல், கூடவே சுற்றினால் கேசட். ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பால்ரஸ் (ஆக்சிலைத் தாங்கும் குண்டுகள்) உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சிலின் அந்த முனைக்குத் தாங்கல் இல்லை. குழியில் விழுந்து விழுந்து ஆக்சில் வளையும். குண்டுகளை அழுத்தும் கோனை எப்படி இறுக்கினாலும் ஓரிடத்தில் பிடித்து ஓரிடத்தில் ஆடினால், ஆக்சிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள்.

இங்கேதான் செலவு பெருகும். 11 முதல் 42 பல் வரையுள்ள கேசட்டோடு, முன்னால் ஒற்றைச் செயின்ரிங் வைத்த 9 கியர் வேண்டுமென்றால் ஷிஃப்டர், டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்துவது), கேசட், செயின், செயின்ரிங் போதாது. ஃப்ரீவீல் வண்டிக்குப் பின்சக்கரமே புதிதாக வேண்டும். ஏற்கெனவே கேசட் ஹப் இருந்தாலும் அது 7 கியருக்கான குட்டை உடலா என்று பாருங்கள், அதில் 9 கியர் உட்காராது. பிரேக்கிலும் இதே கதை. மலிவு வண்டியில் ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே துண்டாக வருவதுண்டு. ஹைட்ராலிக் பிரேக் போட்டால் ஷிஃப்டரும் சேர்ந்து போய்விடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்படியென்றால் எதையும் தொடாதே என்றில்லை. இரண்டு வகைச் செலவு வீணாகாது: தேயும் பொருள், அடுத்த வண்டிக்கும் போகும் பொருள். பெடல் இழை 9/16 அங்குலம், பெரும்பாலான எம்டிபிகளில் அதேதான். இடப்பெடல் இழை எதிர்த்திசையில் இருக்கும், மறந்து திருகினால் கிராங்க் பாழ். கிரிப்பும் சீட்டும் அப்படியே மாறும். டயர் அதே ரிம் அளவு இருந்தால்தான். ஆனால் இந்த வண்டியில் உடனே வித்தியாசம் காட்டுவது டயர்தான். 2.1 அங்குல நல்ல டயரை, டியூபோடு, 70 கிலோ ஆள் மண்பாதையில் 30 பிஎஸ்ஐ அளவில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஃபோர்க் பற்றி யோசிக்கட்டும்.

மெக்கானிக்கல் டிஸ்க்கையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலானவற்றில் ஒரு பேட்தான் நகரும், மற்றது நிலையானது. நிலையான பேடை ஆலன் கீயால் ரோட்டரை உரசும் வரை உள்ளே கொண்டுவந்து, உரசல் நிற்கும் அளவு மட்டும் பின்வாங்குங்கள். பிறகு துருப்பிடித்த கேபிளையும் உறையையும் மாற்றுங்கள். புது பேட் என்றால் மிதமான வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டாமல், பதினைந்து இருபது முறை பிடித்துப் பழக்குங்கள். செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே ரோட்டரில் பட்டால் பேட் எண்ணெய் குடித்துவிடும். பிரேக் சரியில்லை என்று கடைக்கு வரும் வண்டிகளில் இதுவும் ஒரு காரணம்.

பாகம் மாற்றுவது நியாயமாகும் ஒரு நிலை உண்டு: ஹெட் ட்யூப் 44, பின்னால் முழுநீள கேசட் ஹப், கழற்றி மாட்டும் டீரெய்லர் ஹேங்கர் (டீரெய்லரை ஃபிரேமில் பிடிக்கும் துண்டு), ஃபிரேம் அளவும் உங்களுக்குப் பொருத்தம். இவற்றில் மூன்றோ நான்கோ கூடினால், பழையது தேய்ந்த பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். தேயும் முன்னால் அல்ல.

சேமித்து வாங்கும் வண்டிக்கும் பராமரிப்பு உண்டு. ஏர் ஃபோர்க்குக்குக் காற்றடிக்க ஷாக் பம்ப் வேண்டும். ஃபோர்க் நிறுவனமான ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றிச் செய்யும் சர்வீஸுக்குச் சொல்லும் இடைவெளி 50 மணிநேர ஓட்டம். 12 கியர் செயினை 0.5 சதவீத நீட்சியிலேயே மாற்றாவிட்டால் விலையுயர்ந்த கேசட்டும் சேர்ந்து தேயும். வெறும் தார்ச்சாலையில் காலை நேரம் ஓட்டுபவருக்கு இந்தச் செலவெல்லாம் தேவைதானா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

மறுவிற்பனை ஊருக்கு ஊர் வேறுபடும். பொதுவாகப் பழைய வண்டி வாங்குபவர் மாடலையும் வயதையும் வைத்துத்தான் விலை கேட்பார்; உள்ளே போட்ட புது ஃபோர்க்குக்கு அதன் விலையைத் தர மாட்டார். அதனால் கழற்றிய அசல் பாகங்களை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். விற்கும்போது அவற்றையே திரும்ப மாட்டிவிட்டு, நல்ல பாகங்களைத் தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும்.