தூத்துக்குடிக்குக் குடிபோகலாமா? செல்லூர் தையல்காரியின் மதிப்பெண்

ஐந்துக்கு மூன்றரை. இதில் கடலுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலைத் திறந்தால் அலை தெரியும் என்று நினைத்துக்கொண்டு யாரும் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டாம். அப்படி நினைத்த ஆள் எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

நான் மதுரை செல்லூரில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், ஜூன் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம். வீட்டுக்காரர் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. "ரெண்டு பேரும் இங்கேயே வந்துருங்கம்மா" என்று போனில் நச்சரிப்பு. வீட்டுக்காரர் ராமேஸ்வரம் என்றார், திருச்செந்தூர் என்றார். கோயிலுக்குப் போகலாம், குடியிருக்க எனக்கு அந்த ஊர்கள் ஒத்துவராது. அங்கே எல்லாமே வந்து போகிற கூட்டத்தை வைத்து நடக்கிறது. தூத்துக்குடிக்குத் துறைமுகம், உப்பு, மீன், அனல்மின் நிலையம் என்று சொந்தப் பிழைப்பு இருக்கிறது. மதுரையில் இருந்து வந்திருக்கிறோம் என்றால் "எந்த ஏரியாவுல வீடு பாக்குறீங்க அண்ணாச்சி?" என்றுதான் கேட்டார்களே தவிர, போட்டோ எடுக்கவா என்று யாரும் கேட்கவில்லை.

போக்குவரத்தில் குறை இல்லை. அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாக நான்குவழிச் சாலை. ஏறினால் சுமார் மூன்று மணி நேரம். சொந்த வண்டி என்றால் எலியார்பத்தியிலும் புதூர்பாண்டியபுரத்திலும் டோல் கட்ட வேண்டும். ரயில் விருதுநகர், கோவில்பட்டி, மணியாச்சி என்று சுற்றிப் போகும். அருப்புக்கோட்டை வழியாக நேர்பாதை போடும் வேலை பல வருடமாக நடக்கிறது. அதை நம்பி வீடு மாற்ற முடியாது.

சரி, கடல். இது மன்னார் வளைகுடா. ஒரு பக்கம் இலங்கை மறித்துக்கொள்கிறது, கரையோரத் தீவுகளும் பவளப்பாறைகளும் மிச்ச வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. நாங்கள் போன சமயம் அது கண்மாய் மாதிரிதான் கிடந்தது. ரோச் பூங்காவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இம்புட்டு தூரம்?" என்றார் வீட்டுக்காரர். ஊரின் கரையில் பெரும்பகுதி துறைமுகத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் உப்பளத்துக்கும் போய்விட்டது. நாம் கால் நனைக்க முத்துநகர் கடற்கரை, முயல் தீவு என்று சில இடங்கள். சாயங்காலம் பிள்ளைகளோடு போய்வரலாம், அவ்வளவுதான்.

ஆனால் மீனுக்கு முழு மார்க். இங்கே விசைப்படகுகள் விடியுமுன் போய் அன்று இரவே திரும்புகின்றன. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ஐஸுக்குள் படுத்துக் கிடக்கும் மீனைப் பார்த்துப் பழகிய எனக்கு, விளமீனின் கண் அவ்வளவு பளிச்சென்று இருப்பதே புதுசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது நாட்டுப்படகு கொண்டுவருவதுதான், விலையும் ஏறிவிடும் என்று மீன் விற்ற அம்மாவே சொன்னார். சாப்பாட்டில் பொரிச்ச பரோட்டாவுக்கு வீட்டுக்காரர் அடிமையாகிவிட்டார். எனக்கு அது எண்ணெய் அதிகம், நம் ஊர் கறிதோசைதான் உசத்தி. மக்ரூன் விஷயத்தில் மட்டும் சண்டை இல்லை. முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, வேறொன்றும் கிடையாது. டப்பாவைத் திறந்து போட்டால் காற்றுப் பட்டுச் சவசவத்துவிடும், உடனே தின்றுவிட வேண்டும்.

அந்தக் காற்றுதான் என் தொழிலுக்கு எதிரி. ஒரு தெருவில் தையல் கடை போர்டைப் பார்த்து உள்ளே போய்ப் பேசினேன். "ஊசியை எண்ணெய்த் துணியில சுத்தி வைங்கக்கா. பாபின் கேஸுதான் முதல்ல துருப்பிடிக்கும். மிஷின வாரம் ஒருக்கா தொடைச்சு எண்ணெய் விடலன்னா அம்புட்டுதான்" என்றார் அந்தத் தங்கச்சி. பாபின் கேஸ் என்றால் அடிநூல் சுற்றிய உருளை உட்காரும் சின்ன உலோகக் கூடு. அவர் கத்தரிக்கோலை மரப்பெட்டியில் பூட்டி வைக்கிறார். கடலுக்குப் பக்கத்தில் பார்த்த ஒரு வீட்டில் ஜன்னல் கம்பி உதிர்ந்து, அதன்மேலேயே புதுப் பெயின்ட். உள்ளே தள்ளிப் போகப் போகத் துரு குறைகிறது. எனவே கடலோரம் வேண்டாம் என்பதை மிஷினே முடிவுசெய்துவிட்டது.

இனி முக்கியமான விஷயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டத்தில் பெய்த மழை ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இந்தப் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இருக்காது. தாமிரபரணி கரைமீறியது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. தூத்துக்குடி நகரம் தட்டையான தரை. மேற்கே குளங்களில் இருந்து வரும் தண்ணீர் பக்கிள் ஓடை மாதிரி வழிகளில் போய்க் கடலில் விழ வேண்டும். வழி போதாவிட்டால் தெருவில் நிற்கும், நாள்கணக்கில் நின்றது.

செல்லூர்க்காரிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் மதுரைக்குள் ஓடும் பந்தல்குடி வாய்க்கால் பெருகி எங்கள் பக்கம் வீடுகளுக்குள் வந்தது. அதனால் பார்த்த வீட்டில் எல்லாம் நான் கேட்ட முதல் கேள்வி, வாடகை எவ்வளவு என்பதில்லை. தண்ணீர் எதுவரைக்கும் நின்றது?

புரோக்கர் எல்லா வீட்டுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "இங்கன வரவே இல்லக்கா, பக்கத்துத் தெருவோட நின்னுட்டு." பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் அதே பதில். ஒரு வீட்டில் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுப் பாட்டி வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். ஸ்விட்ச் போர்டு வழக்கத்தைவிட மேலே இருக்கிறதா? சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புது வண்ணமா? தண்ணீர் மோட்டார் தரையில் இருக்கிறதா, மேடை கட்டித் தூக்கி வைத்திருக்கிறார்களா? அக்கம்பக்கத்தில் பிரிட்ஜ் எத்தனை செங்கல் உயரத்தில் நிற்கிறது? மரக்கதவின் அடிப்பலகை உப்பியிருக்கிறதா? வீடு பார்க்கப் போகிறவர்கள் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடலைக் கண்டு பயந்து ஒரு புண்ணியமும் இல்லை, அந்த டிசம்பரில் தண்ணீர் வந்தது குளத்துப் பக்கத்தில் இருந்து.

காற்று இன்னொரு கவலை. வீட்டுக்காரருக்குப் பஞ்சுத் தூசி கொடுத்த இருமல் இன்னும் போகவில்லை. இங்கே கடலோரம் 1,050 மெகாவாட்டில் ஒரு நிலக்கரி மின்நிலையம், பக்கத்தில் 1,000 மெகாவாட்டில் இன்னொன்று. ஸ்டெர்லைட் தாமிர ஆலை 2018-இல் மூடியது மூடியதுதான். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்க மறுத்துவிட்டது. 2018 மே மாதம் அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் போனதை ஆட்டோக்காரர் சொல்லும்போது குரல் மாறிவிட்டது, அதற்கு மேல் நான் கேட்கவில்லை. துறைமுகம் போகும் சாலையில் லாரித் தூசியும் உண்டு. வீட்டுக்காரர் ஊரின் மேற்குப் பக்கம் நின்று மூச்சு விட்டுப் பார்த்தார். "நம்ம சிம்மக்கல் புகைக்கு இது தேவலாம்" என்றார். பிற்பகலில் கடற்காற்று ஏறிவிட்டால் மதுரையின் மே மாத அனல் இங்கே இல்லை. வியர்வை உண்டு, பிசுபிசுப்பு உண்டு.

குடிதண்ணீர் குழாயில் தாமிரபரணி. போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. துணி வெளுக்காது, சோப்பு நுரைக்காது. ஆஸ்பத்திரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

என் பிழைப்பு? இதில்தான் எதிர்பாராத லாபம். மதுரையில் எனக்குத் தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா என்று சீசன். இங்கே சித்திரை போகும், ஆனால் கிறிஸ்துமஸ் பெரிதாக வரும். அதோடு பனிமய மாதா கோயில் திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடிகிறது. ஆடி மாதம் என்று நான் ஈ ஓட்டும் நாட்களில் இங்கே தையல்காரர்கள் ராத்திரி கண்விழிக்கிறார்கள்.

கடைசியில் பாளையங்கோட்டை ரோடு பக்கம் ஒரு மாடி வீடு. வாடகை ஒன்பதாயிரம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம். தரைத்தளத்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் வந்தது என்று வீட்டுக்கார அம்மா தானாகவே சொன்னார், அதனாலேயே எனக்குப் பிடித்துவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே தையல் போர்டு மாட்டிக்கொள்ளவும் சம்மதம். வீட்டுக்காரருக்கு மட்டும் மொட்டைமாடியில் இருந்துகூடக் கடல் தெரியவில்லை என்று வருத்தம். செல்லூர் வீட்டை ஒரு வருடத்துக்கு விடாமல் வைத்திருக்கப் போகிறோம்.

அங்கே பவர் மிஷினுக்கு நல்ல சர்வீஸ் ஆள் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பாபின் கேஸ் நான் இங்கிருந்தே அரை டஜன் வாங்கிப் போகிறேன்.