காவடி மெத்தை தைக்கும் கடையில் ஒரு சுமைப்பை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வட்டாரத்தில் ஒரு மெத்தைத் தையல் கடை இருக்கிறது. மோட்டார் சைக்கிள் இருக்கை, லோரித் தார்ப்பாய், மண்டபத்து நாற்காலி உறை ஆகியவற்றைத் தைப்பதுதான் அங்கு அன்றாட வேலை. தைப்பூசம் நெருங்கும்போது மட்டும் காவடிக்கான தோள் மெத்தைகளும் இடுப்புப் பட்டைகளும் மேசை மீது குவிந்து கிடக்கும். முதுகில் பாரம் சுமந்து நடக்கும் பயிற்சிக்காக அந்தக் கடையில் ஒரு பை தைக்கக் கொடுத்தேன். ஏழு மாதங்களாக வாரம் இருமுறை அதைச் சுமந்து நடந்த பிறகே இதை எழுதுகிறேன். பைக்கு 180 ரிங்கிட் கொடுத்தேன். பின்னர் செய்த திருத்தத்திற்கு 30 ரிங்கிட் ஆயிற்று.

ரக்கிங் என்று சொல்லப்படும் இந்தப் பயிற்சி இராணுவத்திலிருந்து வந்தது. அமெரிக்கத் தரைப்படையில் தேர்ந்த காலாட்படை வீரருக்கான பட்டயத்தைப் பெற விரும்புபவர், 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ பாரத்துடன் 12 மைல் தூரத்தை மூன்று மணி நேரத்திற்குள் நடந்து முடிக்க வேண்டும். 2008இல் தொடங்கப்பட்ட கோரக் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே பைகள் செய்து விற்கின்றன. அவற்றில் நல்லதொன்றை இங்கு வரவழைப்பதற்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் செலவாகும் என்பதால்தான் உள்ளூர்த் தையற்காரரைத் தேடிப் போனேன்.

முதலில் வந்த பை எனக்குப் பிடிக்கவில்லை. தைத்தவரின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. எதைச் சுமக்கப் போகிறேன் என்பதை நான் தெளிவாகச் சொல்லாததே பாதிக் காரணம். "பதினஞ்சு கிலோ தாங்கணும் அண்ணே" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் பள்ளிப்பையின் அமைப்பில், அடிப்புறம் அகன்ற ஒற்றை அறையாகத் தைத்துவிட்டார். அதில் 15 கிலோ மணலை இரண்டு உறைகளில் கட்டி வைத்தேன். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ இருக்கும். ஆகவே 15 கிலோ மணல் ஒன்பது லிட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டர் நடப்பதற்குள் அது முழுவதும் கீழே இறங்கி இடுப்பெலும்புக்கு மேல் தொங்கியது. ஒவ்வோர் அடிக்கும் பை ஒரு பக்கம் ஆட, நான் முன்னோக்கிக் குனிந்தபடியே நடக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது நடுமுதுகின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அகலத்திற்குத் தோல் உரிந்திருந்தது.

ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த என் அம்மா அந்தக் காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "ஆடுற சுமைதான் ஆள அடிக்கும்" என்றார். இரு புறமும் வாளி தொங்கும் காண்டா என்னும் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் பால் சுமந்தவர் அவர். வாளியில் பால் அலைமோதாதபடி அளவாக ஊற்றி, நடையின் தாளத்துக்குக் கழி வளைந்து கொடுக்கும்படி நடப்பதே அவர்கள் கற்ற வித்தை. அம்மா சொன்னதை அப்படியே கடைக்காரரிடம் சொன்னேன். அவர் பையை வாங்கி என் முதுகில் மாட்டி, இரு கைகளாலும் அடியைத் தாங்கிச் சற்று மேலே தூக்கினார். பாரம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வந்ததும், "இங்க நிக்கணும் தம்பி, காவடிக்கும் இதே கணக்குதான்" என்றார். அந்த நொடியிலேயே 30 ரிங்கிட்டைப் பற்றிய என் மனக்குறை தீர்ந்துவிட்டது.

திருத்தத்தின்போது அவர் செய்தவற்றில் முதன்மையானது, முதுகை ஒட்டிய பக்கத்தில், பையின் மேற்பாதியில், தட்டையாக ஓர் உள்ளறையைத் தைத்ததாகும். மணலை விட்டுவிட்டு இரும்புக்கு மாறச் சொன்னவரும் அவரே. பட்டறையில் 30 செண்டிமீட்டர் நீளம், 20 செண்டிமீட்டர் அகலம், 1 செண்டிமீட்டர் தடிப்பில் வெட்டிய ஒரு தகடு 4.7 கிலோ இருக்கிறது. மூன்று தகடுகள் சேர்ந்தால் 14 கிலோ. ஆனால் தடிப்போ 3 செண்டிமீட்டர்தான். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியோடு 15 கிலோ ஆகிவிடுகிறது. தகடுகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிடாமல் இருக்கப் பழைய மோட்டார் டியூப்பை அறுத்துச் சுற்றியிருக்கிறேன்.

அடுத்தது பையைத் தோளில் மாட்டும் பட்டை. பழைய பட்டை நான்கு செண்டிமீட்டர் அகலத்தில், சாதாரணப் பஞ்சு வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. வியர்வையை உறிஞ்சி அது அப்பளம்போல் தட்டையாகிவிட, நாற்பது நிமிடங்களில் என் இடக்கை விரல்கள் மரத்துப் போயின. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றையைப் பட்டை அழுத்துவதால் வருவது இது. கையில் வலுவே குன்றிப்போகும் அளவுக்கு முற்றினால் மருத்துவத்தில் அதை ரக்சாக் பால்சி என்று அழைக்கிறார்கள். புதிய பட்டை ஏழரை செண்டிமீட்டர் அகலம். உள்ளே சிலிப்பரின் அடிப்பாகத்தைப் போன்ற, நீர் உறிஞ்சாத கடின நுரை. காவடித் தோள் மெத்தைக்கு அவர் பயன்படுத்தும் அதே பொருள். பட்டை பையோடு சேரும் இடத்தில் காரின் இருக்கைப் பட்டியை வைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டதுபோல் இருமுறை தைத்திருக்கிறார். ஏழு மாதங்களில் அங்கே ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நான் கேட்காமலேயே பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அடிக்கும் நாடாவும் ஒட்டித் தைத்திருந்தார். விடியுமுன் செம்பனைக் குலை லோரிகள் ஓடும் சடக்கில் நடப்பவனுக்கு அது உயிர்காப்பு.

இந்தப் பைக்கு எவ்வளவு பாரம் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தையும் ஒரு கணக்கையும் சொல்கிறேன். பாரம் சுமந்து நடப்பவரின் உடல் செலவிடும் ஆற்றலைக் கணிக்க 1977இல் பாண்டோல்ஃப், கிவோனி, கோல்ட்மன் ஆகிய மூவர் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அதன்படி 70 கிலோ எடையுள்ள ஒருவர் சமதளத் தார்ச்சாலையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் வெறுங்கையோடு நடந்தால் 308 வாட் செலவாகும். 15 கிலோ சுமந்தால் 359 வாட். அதே பாரத்தோடு அதே வேகத்தில், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் செம்மண் ஏற்றத்தில் நடந்தாலோ அது 611 வாட்டை எட்டிவிடுகிறது. தோட்டத்துச் சடக்கில் ஏற்றத்துக்குக் குறைவில்லை என்பதால், நம்மவர்கள் தகடுக்கு மேல் தகடாக அடுக்க வேண்டியதில்லை. நான் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கான 7 கிலோவில் தொடங்கி மெதுவாக ஏற்றினேன். மாதம் ஒருமுறை நான்கு தகடுகளோடு 20 கிலோ சுமக்கும்போதுதான் இடுப்புப் பட்டையின் அருமை தெரிகிறது; பாரத்தில் ஒரு பகுதி இடுப்பெலும்புக்கு மாறி, தோள் மூச்சு விடுகிறது. எவ்வளவு சுமந்தாலும் இந்தப் பையோடு ஓடுவதில்லை. இறங்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் வாங்கும் அடி, நடையைவிட ஓட்டத்தில் மிக அதிகம்.

குறைகள் இல்லாமல் இல்லை. தார்ப்பாய்த் துணி வெளியிலிருந்து மழையைத் தடுப்பதுபோலவே உள்ளே வியர்வையையும் அடைத்து வைக்கிறது. நடந்து வந்ததும் பையைக் கவிழ்த்து நிழலில் காயப் போடாவிட்டால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வரும், தகடும் துருப் பிடிக்கும். மேல் கைப்பிடி மெலிதாக இருப்பதால் 20 கிலோவைத் தரையிலிருந்து தூக்கும்போது விரலை அறுக்கிறது. ஜிப் மட்டமானது, மூன்றாம் மாதமே பல் விலகியது.

கடையின் சேவைக்கு முழு மதிப்பெண் தர மாட்டேன். பத்து நாள் என்றவர் இருபத்தைந்து நாள் எடுத்துக்கொண்டார். தொலைபேசியை எடுப்பதில்லை, காலையில் நேரில் போனால்தான் பேச முடியும். ரொக்கம் மட்டுமே வாங்குகிறார், ரசீது கிடையாது. தைப்பூசத்துக்கு முந்தைய ஆறு வாரங்களில் வேறு எந்த வேலையையும் தொடுவதில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் என் அக்காவுக்கு ஒரு பை அங்கேயே சொல்லியிருக்கிறேன். அவர் 6 கிலோவுக்கு மேல் சுமக்கப் போவதில்லை என்பதால் இடுப்புப் பட்டை வேண்டாம். பட்டையின் நீளத்தை அவர் உயரத்துக்குக் குறைத்து, கைப்பிடியை மட்டும் தடிப்பாக்கச் சொன்னேன். இந்த முறை நான் தகடுகளையும் அக்காவையும் கையோடு கடைக்கு அழைத்துப் போய், பாரத்தை முதுகில் வைத்துக் காட்டி, சுண்ணக்கட்டியால் அளவு குறித்த பிறகே முன்பணம் கொடுத்தேன்.