காட்பாடியில் ஒரு ரோபோ கை: இரண்டு வருஷ அனுபவம்

காட்பாடி காந்தி நகர் வீட்டில், மேஜை மேல் இந்த ரோபோ கை நிற்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்), அலுமினியத் தகடு, இவற்றை ஓட்ட ஆர்டினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டு. முதல் நான்கு மாதம் படாதபாடு படுத்தியது. பாதி தூரம் போகும், வெடுக்கென்று உதறும், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி தொடரும். கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகள் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, இந்த வெயில்ல கைக்குக் குளிர் ஜுரமா?" என்றாள்.

நான் முதலில் சந்தேகப்பட்டது மோட்டாரைத்தான். தோளில் இருந்த எம்ஜி996ஆர் ரக சர்வோவைக் கழற்றிப் புதிது மாட்டினேன். உதறல் அப்படியே இருந்தது. அடுத்து புரோகிராமைத் திருத்துவதில் ஒரு மாதம் போனது. கடைசியில் காட்டிக்கொடுத்தது போர்டில் 'எல்' என்று போட்டிருக்கும் சின்ன விளக்கு. தோள் சுமையோடு எழும்போதெல்லாம் அது படபடவென்று சிமிட்டியது. அதாவது போர்டு ரீசெட் ஆகிறது. ஆனதும் புரோகிராம் முதலிலிருந்து தொடங்கிக் கையை ஆரம்ப நிலைக்கு இழுக்கிறது. அந்த இழுப்புதான் எனக்கு உதறலாகத் தெரிந்திருக்கிறது.

நான் போர்டுக்கும் மோட்டார்களுக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தது 2 ஆம்பியர் போன் சார்ஜர், அதுவும் பிரெட்போர்டு (ஒயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) வழியாக. ஒரு எம்ஜி996ஆர் அசைய முடியாமல் முக்கினால், அது ஒன்றே 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். மல்டிமீட்டரை சர்வோவின் பிளக்கிலேயே வைத்துப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 5 வோல்ட், தூக்கும்போது 4.2. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், நிஜத்தில் இன்னும் கீழே விழுந்திருக்கும். அதில் செருகியிருந்த ஜம்பர் ஒயர்கள் தலைமுடி மாதிரி மெல்லிசு. வோல்ட்டேஜில் கொஞ்சத்தை வழியிலேயே தின்றிருக்கின்றன.

ரயிலேறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 5 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ஒன்று வாங்கி வந்தேன். மோட்டார்களுக்குத் தடித்த ஒயரில் தனி லைன், திடீர் இழுப்பைச் சமாளிக்க அதன் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். ஆன் செய்தால் ஆறு மோட்டாரும் பேய் பிடித்த மாதிரி ஆடின! எஸ்எம்பிஎஸ்ஸின் மைனஸையும் ஆர்டினோவின் கிரவுண்டையும் (அதன் மைனஸ் முனை) சேர்க்க மறந்திருந்தேன். இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு இல்லாவிட்டால் சிக்னலை எதிலிருந்து அளப்பது என்று சர்வோவுக்குத் தெரியாது. ஒரே ஒரு ஒயர். அதைச் சேர்த்ததும் அடங்கிவிட்டது. முக்கால்வாசி நோய் அன்றே தீர்ந்தது.

மீதி இருந்தது வேறு வகை: படிப்படியாக, கடிகார முள் மாதிரி நகர்ந்தது. இதில் புரோகிராமுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொரு டிகிரியாக நகர்த்திக்கொண்டிருந்தேன். என் கை 25 செ.மீ. நீளம், தோளில் 1 டிகிரி என்பது நுனியில் 4 மில்லிமீட்டருக்கு மேல். சர்வோவுக்குக் கோணத்தைச் சொல்வது சிக்னல் பல்ஸின் நீளம்தான்; டிகிரியை விட்டுவிட்டு அந்த நீளத்தையே மைக்ரோ செகண்டில் கொடுத்தேன். ஆர்டினோவின் சர்வோ லைப்ரரியில் (தயாராகக் கிடைக்கும் புரோகிராம்) ஒரு டிகிரிக்குச் சுமார் 10 மைக்ரோ செகண்ட், ஆகவே இடையில் இன்னும் சில படிகள் கிடைத்தன. கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகத்தைக் குறைத்தேன். டவுன் பஸ் டிரைவருக்கும் ரயில் டிரைவருக்கும் உள்ள வித்தியாசம்!

கையைக் குமிழ் திருப்பியும் ஓட்டலாம்; அப்போது வந்த நடுக்கத்துக்குக் காரணம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகம்). குமிழைத் தொடாமலே அளவு இரண்டு மூன்று எண் மேலும் கீழும் ஆடும். பத்துத் தடவை படித்துச் சராசரி எடுத்து, சின்ன மாற்றங்களை ஒதுக்கினால் போதும்.

தோள் மோட்டார் சும்மா நிற்கும்போதும் உர்ரென்று முனகிச் சூடாகும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டிப் பின்பக்கம் இழுத்துக் கட்டினேன். கையின் எடையில் கொஞ்சத்தை அது தாங்குகிறது, முனகலும் குறைந்தது.

இரண்டாவது கோடையில் மணிக்கட்டு மறுபடி தடுமாறியபோது நேராக மீட்டரைத்தான் எடுத்தேன். வோல்ட்டேஜ் சரியாக இருந்தது. மோட்டார் அச்சில் மாட்டும் ஹார்ன் என்ற சின்னக் கையின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

முழங்கையின் பல்சக்கரத்தில் கொஞ்சம் லூஸ் இருக்கிறது. அதற்குப் புது மோட்டார்தான் வழி, இன்னும் வாங்கவில்லை. எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுவிடுகிறது. அக்கா மகள் வைக்கிற சோதனை இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய். காம்பைச் சரியாகப் பிடிப்பதற்கு மூன்று தடவை முயற்சி தேவைப்படுகிறது.