காதைக் காப்பதா, தலைசுற்றலை ஒழிப்பதா? மெனியர் நோய்க்கு உள்ள வழிகள்

தலைசுற்றலுக்கு ஆபரேஷன் என்றதும் எல்லாரும் கேட்பது "எது நிச்சயமா நிறுத்தும்?" என்பதைத்தான். நானும் அதையேதான் கேட்டேன். ஈ.என்.டி. டாக்டர் பதில் சொல்லாமல் ஆடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, என் பக்கம் திருப்பி வைத்தார். இடது காதின் கோடு 80 டெசிபலுக்கும் கீழே படுத்துக் கிடந்தது. "இந்தக் காதுல போன் பேசுவீங்களா?" என்றார். எங்கே பேசுவது! அந்தப் பக்கம் வைத்தால் தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருக்கும், பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. "அப்ப உங்க கணக்கு வேற" என்றார்.

அந்தக் கணக்குதான் விஷயமே. மெனியர் என்பது, கேட்பதோடு உடம்பின் சமநிலையையும் பார்க்கிற உள்காதில் நீர் மிகுந்து, தலைசுற்றல், இரைச்சல், செவித்திறன் குறைவு மூன்றையும் தரும் நோய். இதில் தலைசுற்றல் எவ்வளவு கொடூரம் என்பதைவிட, அந்தக் காதில் இழக்க இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது. (படுக்கையில் புரண்டால் மட்டும் சில வினாடி சுற்றுகிறது என்றால் அது வேறு நோய், பெரும்பாலும் தலையைச் சில கோணங்களில் திருப்பியே சரிசெய்து விடுவார்கள். ஆபரேஷன் பேச்சே வேண்டாம்.)

உப்பைக் குறைத்து, பீட்டாஹிஸ்டின் மாத்திரையும் சாப்பிட்டு, அப்படியும் பாத்ரூமில் வாளியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு அடுத்த படி ஊசி. செவிப்பறையை மரத்துப்போக வைத்து அதன் வழியாகவே போடுவார்கள், அரை மணி நேரம் அந்தக் காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இதில் இரண்டு வகை. ஜென்டாமைசின் ஒரு ஆன்டிபயாடிக், உள்காதின் சமநிலைச் செல்களைக் கொல்லும் அதன் பக்கவிளைவையே இங்கே மருந்தாக்கி இருக்கிறார்கள். கேட்கும் செல்களையும் அது தொட்டுவிடலாம். ஸ்டீராய்டு அப்படி எதையும் கொல்வதில்லை. இங்கிலாந்தில் 60 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2016-ல் வெளியான ஆய்வில், ஜென்டாமைசின் போட்டவர்களுக்கு 87 சதவீதமும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு 90 சதவீதமும் தலைசுற்றல் குறைந்திருந்தது. அப்புறம் ஏன் நல்ல காதில் முதலிலேயே ஜென்டாமைசின் போட வேண்டும்? ஸ்டீராய்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

ஊசிக்கு அடங்காதவர்களுக்கு, கேட்கும் திறனைக் காப்பாற்ற நினைத்தால், உள்காதின் நீர்ப்பை ஆபரேஷன். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, பையைச் சுற்றியுள்ள அழுத்தத்தை எடுப்பது, அல்லது அதில் சின்னக் குழாய் வைப்பது. இதற்கு நிலா வரை போன விளம்பரம் உண்டு. விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட் மெனியரால் பறக்க முடியாமல் தரையில் உட்கார வைக்கப்பட்டு, 1968-ல் லாஸ் ஏஞ்சலஸில் வேறு பெயரில் சேர்ந்து இதைச் செய்துகொண்டார், 1971-ல் அப்பல்லோ 14-ல் போய் நிலாவில் நடந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1981-ல் டென்மார்க்கில் 30 பேரில் பாதிப் பேருக்கு எலும்பை மட்டும் குடைந்துவிட்டுப் பையைத் தொடாமலே விட்டார்கள், அவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம் தெரிந்தது. அதே எண்களை வேறு மாதிரி கணக்குப் போட்டுப் பின்னால் மறுத்தவர்களும் உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை. ஆபத்து குறைவு, சில நாளில் எழுந்து நடக்கலாம், நிச்சயம் மட்டும் கிடையாது.

நிச்சயம் வேண்டுமென்றால் இரண்டு வழி. மண்டையோட்டைத் திறந்து சமநிலை நரம்பை மட்டும் வெட்டுவது ஒன்று. காது கேட்கும், ஆனால் மூளை நீர்க் கசிவு, முகநரம்பு பாதிப்பு என்று பெரிய ஆபரேஷனுக்குரிய பயம் எல்லாம் கூடவே வரும். மற்றது லாபிரிந்தெக்டமி, உள்காதின் சமநிலை உறுப்புகளை மொத்தமாக எடுத்துவிடுவது. அந்தக் காது முழுச் செவிடு, தலைசுற்றல் பெரும்பாலும் ஒரேயடியாகப் போய்விடும். நான் செய்துகொண்டது இதைத்தான். காதுக்குள் கேட்கும் இரைச்சல் போகும் என்று எண்ண வேண்டாம், எனக்குப் போகவில்லை. மெனியர் சிலருக்குப் பின்னால் மறு காதுக்கும் வரும் என்பதால், என் வலது காதையும் சோதித்த பிறகுதான் டாக்டர் தேதியே கொடுத்தார்.

குணமாவதிலும் இந்த இரண்டுக்கும் தனி விலை. முதல் மூன்று நாள் மேலே நிற்கிற மின்விசிறி எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது, கண்மணி தானாக ஒரு பக்கம் இழுத்தது. தலைசுற்றலையும் குமட்டலையும் அடக்கும் ஸ்டெமெட்டில் மாத்திரையைச் சில நாளுக்கு மேல் தரமாட்டோம் என்றார்கள், காரணம், ஒரு காதை மட்டும் வைத்துச் சமாளிக்க மூளை பழக வேண்டும், மாத்திரை அந்தப் பழக்கத்தையே தள்ளிப்போடும். வீட்டுக்கு வந்ததும் பயிற்சி: தினசரி காலண்டரின் தேதியை விடாமல் பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும், நாளைக்கு மூன்று வேளை. முதல் வாரம் எண் வழுக்கி ஓடியது. ஐந்தாவது வாரம் கீழே இருக்கிற ராகு காலம் எமகண்டம் வரைக்கும் படித்தேன். படுத்தே கிடந்தால் இது வராது, குமட்டினாலும் எழுந்து நடக்க வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் இந்த ஆபரேஷன் பக்கம் வராமல் இருப்பதே மேல், கோபித்துக்கொண்டாலும் சரி.

ஒன்றரை வருடமாகிறது, ஒரு முறைகூடச் சுற்றவில்லை. ராத்திரி கரண்ட் போனால் சுவரில் கை வைத்துத்தான் நடக்கிறேன். ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது, அதனால் ரோட்டைக் கடக்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறேன். கல்யாணப் பந்தியில் இடது ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருகிறேன், பேசுகிறவர்கள் எல்லாரும் வலது காதுப் பக்கம் வந்துவிடுவார்கள்.