ஹெவி அலாய் கம்பி மூன்று ரகம்: காரைக்குடி லேத்துக்கு எது தேறும்?

ஆன்லைனில் ஒரே வியாபாரியிடம் கிடைக்கும் 25 மி.மீ. விட்டமுள்ள டங்ஸ்டன் ஹெவி அலாய் (பெரும்பங்கு டங்ஸ்டன் கொண்ட கனமான உலோகக் கலவை) கம்பிகள் இவை. முதல் இரண்டிலும் டங்ஸ்டன் 90 சதவீதம். மீதி 10 சதவீதம் ஒன்றில் நிக்கல்-இரும்பு, மற்றதில் நிக்கல்-செம்பு. மூன்றாவதில் டங்ஸ்டனில் 4 சதவீதத்தை எடுத்துவிட்டு மாலிப்டினம் போட்டிருக்கிறார்கள். டங்ஸ்டன் சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்கினால் காசு வீண்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்ந்ததால்தானே அந்தப் பளபளப்பு? இங்கும் சாந்துதான் விஷயம். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும். சின்டரிங் (உலோகப் பொடியைச் சுட்டுக் கட்டியாக்குவது) உலையில் 1,470 டிகிரி வாக்கில் உருகுவது நிக்கலும் இரும்பும் மட்டுமே. அந்தக் குழம்பு டங்ஸ்டனில் கொஞ்சத்தைக் கரைத்து, மீதி டங்ஸ்டன் மணிகளை (துகள்களை) உருட்டிப் பிடித்துக்கொள்கிறது.

போரிங் பாருக்கு (துளையை உள்ளே கடைந்து பெரிதாக்கும் கருவித் தண்டு) நிக்கல்-இரும்பு ரகம்தான். இரண்டும் 7:3 விகிதத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்; விகிதம் தவறினால் நொறுங்கும் சேர்மங்கள் உருவாகும். ஏ.எஸ்.டி.எம். பி777 என்ற அமெரிக்கத் தரப்படி இந்த வகைக்குக் குறைந்தபட்ச இழுவலிமை 758 மெகாபாஸ்கல், நீட்சி (அறுமுன் நீளும் அளவு) 5 சதவீதம். எஃகு பார் விட்டத்தின் 4 மடங்கு வெளியே நீண்டாலே அதிரத் தொடங்கும். இது 6 மடங்கு வரை தாங்கும்.

செம்பு ரகத்துக்கு அதே தரத்தில் 648 மெகாபாஸ்கலும் 2 சதவீதமும்தான். காந்தம் ஒட்டாது, அதற்காக மட்டும் வாங்கலாம். துளை போட்டால் டிரில் வெளிவரும் பக்கத்தில் ஓரம் பொரிந்துவிடும். பின்னால் ஒரு தகட்டை அணைத்து வையுங்கள்.

மாலிப்டினம் உருகிய சாந்தில் கரைந்து, டங்ஸ்டன் கரைய இடம் தராது. அதனால் மணிகள் பெருக்காமல் சிறிதாகவே நிற்கும். கடினமும் வலிமையும் ஏறும், நீட்சி இறங்கும். நம் பட்டறை வேலைக்கு இது வேண்டாத வினை: இன்சர்ட் (லேத்தின் வெட்டு முனை) சீக்கிரம் தேயும், எம்6 டேப் (6 மி.மீ. மரை வெட்டும் கருவி) உள்ளேயே முறியும்.

பெரிய குறை சான்றிதழில். கலவை மட்டும் அச்சிட்டிருக்கிறது. அடர்த்தியும் இல்லை, சின்டரிங்குக்குப் பின் வெற்றிடத்தில் சூடாக்கினார்களா என்பதும் இல்லை. உலையில் ஓடும் ஹைட்ரஜன் உள்ளே தங்கினால் கம்பி மொறுமொறுக்கும். பாஸ்பரஸும் கந்தகமும் மணிக்கும் சாந்துக்கும் நடுவே போய் உட்கார்ந்தாலும் அதே கதிதான். ஒரு துண்டை ஒடித்து 20 மடங்கு லென்ஸில் பாருங்கள். மணிகளே பிளந்து மின்னினால் நல்ல சரக்கு. கேழ்வரகு போல உருண்டை உருண்டையாகப் பெயர்ந்து நின்றால் திருப்பி அனுப்புங்கள்.

அடர்த்திக்கு நகைக்கடைத் தராசு போதும். 100 மி.மீ. துண்டு தண்ணீரில் தொங்கும்போது 49 கிராம் வாக்கில் எடை குறையும். வெளியே நிறுத்த எடையை அந்தக் குறைவால் வகுத்தால் முதல் ரகத்துக்கு 16.85 முதல் 17.25 வரை வர வேண்டும். குறைந்தால் உள்ளே நுண்துளை. (சுத்த டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தை ஒட்டியே 19.3 என்பதால், இந்தத் தண்ணீர்ச் சோதனையை நம்பி நகை வாங்காதீர்கள்.)

என் மதிப்பெண்: நிக்கல்-இரும்புக்கு 5க்கு 4, செம்புக்கு 3, மாலிப்டினத்துக்கு 2. ஆர்டர் போடும்போதே அதே லாட்டில் ஒரு வெட்டுத் துண்டும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், ஒடித்துப் பார்க்க.