பைபிளை எங்கே திறப்பது: ஆதியாகமமா, யோவானா, மாற்கா?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் ஐந்தாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். போன ஆண்டு டிசம்பரில் லிஃப்ட்டில் பார்த்தபோது கேட்டார்: "தம்பி, பைபிள் படிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" அவர் மகள் ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அக்காவுக்கு மதம் மாறும் எண்ணமெல்லாம் இல்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். சம்பந்தி வீட்டில் பேசுவதன் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டாமே என்றுதான் கேட்டார். நான் ஓய்வுநாள் பள்ளியில், அதாவது சபையின் ஞாயிற்றுக்கிழமை பைபிள் வகுப்பில், வளர்ந்தவன். லிஃப்ட் கீழே வந்து சேர்வதற்குள், "முதல் பக்கத்திலிருந்தே படிங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

தப்பான பதில். ஏன் தப்பு என்பது எனக்கே பிப்ரவரியில்தான் உறைத்தது.

முதல் பக்கத்தில் தொடங்குவதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களும் அநேகமாக ஓட்டமாக ஓடும். அண்ணன் தம்பிச் சண்டை, எசமான் மகனுக்குப் பெண் தேடிக் கிணற்றடியில் நிற்கும் வேலைக்காரன், இளையவளைக் காட்டி மூத்தவளைக் கட்டிவைத்துவிடும் மாமனார், ஒரு பிள்ளைக்கு மட்டும் நல்ல அங்கி தைத்துக் கொடுத்து வீட்டையே இரண்டாக்கும் அப்பா. சீரியல் எடுப்பவர்கள் இங்கே வந்து பிச்சை வாங்க வேண்டும். யாத்திராகமமும் பாதி வரை அப்படித்தான்: பத்து வாதை, செங்கடல், பத்துக் கட்டளை. 25ஆம் அதிகாரத்தில் கதை நின்றுவிடுகிறது. வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்துக்கு எத்தனை பலகை, திரை எத்தனை முழம், கொக்கி எதில் செய்வது என்று கட்டுமானக் கணக்கு வருகிறது. அதைத் தாண்டினால் லேவியராகமம். 27 அதிகாரம், பெரும்பாலும் பலிமுறையும் தீட்டுச் சட்டமும்.

புராட்டஸ்டண்டுகளின் பைபிளில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரே ஆண்டில் முடிக்க நாளைக்கு மூன்றுக்குச் சற்று மேல் படிக்க வேண்டும். ஜனவரி 1இல் தொடங்கினால் மாதக் கடைசியில் லேவியராகமம் வந்து நிற்கும், அதாவது சீனப் புத்தாண்டை ஒட்டி. அக்கா கணக்குப் பிசகாமல் அங்கேதான் மாட்டினார். "கீழே பக் குவா பன்றிக்கறி வாங்க அவ்வளவு நீளத்துக்கு வரிசை நிக்குது. இங்க என்னடான்னா பன்றி அசைபோடாது, தொடாதேன்னு இருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் சம்பந்திகிட்ட என்ன பேசறது?" என்றார். 11ஆம் அதிகாரம் அது. தன்னைப் போலப் பிறனையும் நேசி என்ற வாக்கியமும் இதே புத்தகத்தில், 19ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. எட்டு அதிகாரம் தள்ளி இருந்ததை அவர் பார்க்காமலே மூடிவைத்துவிட்டார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். என் பேச்சைக் கேட்டதுதான் அவர் செய்த குற்றம்.

அப்புறம் அவரே, இயேசுவின் கதை தொடங்கும் புதிய ஏற்பாட்டுக்குத் தாவினார். முதல் புத்தகம் மத்தேயு. அன்று இரவே போன். "இதென்ன தம்பி, அவன் இவனைப் பெற்றான், இவன் அவனைப் பெற்றான்னே போகுது?" மத்தேயு யூத வாசகர்களை மனதில் வைத்து எழுதியவர். ஆபிரகாமின் வம்சம், தாவீதின் வம்சம் என்று காட்டினால்தான் அவர்களுக்குப் பேச்சே தொடங்கும். பழைய ஏற்பாடு தெரியாதவருக்கு அந்த 17 வசனமும் வெறும் பெயர்ப்பட்டியல். 5 முதல் 7 வரை உள்ள மலைப் பிரசங்கத்தை மட்டும் தனியாக எடுத்துப் படிக்கலாம், காந்தி விரும்பிப் படித்த பகுதி அது. ஆனால் அதற்குள் நுழைகிறவருக்கு இதைப் பேசுகிறவர் யார் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டுப் புத்தகமான சங்கீதமும் பழமொழிப் புத்தகமான நீதிமொழிகளும்? வரிசையாகப் படிக்க நேரமில்லாதவருக்கு நல்லவை. நீதிமொழிகளில் 31 அதிகாரம், மாதத் தேதிக்கு ஒன்றாகப் படிக்கிறவர்கள் உண்டு. திருக்குறள் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் அந்நியம் எதுவும் இல்லை. பகைவன் பசித்திருந்தால் சோறு போடு என்று 25ஆம் அதிகாரம் சொல்லும்போது, 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' தானாக வாயில் வரும். அதிகாலையில் எழுந்து நண்பனை உரக்க வாழ்த்துவது சாபமாக எண்ணப்படும் என்று 27ஆம் அதிகாரம் சொல்கிறது. காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்புகிறவர்கள் கவனிக்கவும். ஆனால் இவற்றைப் படித்து முடித்த பிறகும் இயேசு யார், கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்பது தெரியாது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், வாசலாக ஆகாது.

ஆக, உண்மையான போட்டி யோவானுக்கும் மாற்குக்கும்தான். இரண்டும் சுவிசேஷங்கள், அதாவது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகங்கள்.

சபைக்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் யோவான் என்பார்கள். தனிப்புத்தகமாக அச்சிட்டு இலவசமாகக் கொடுப்பதும் அதிகமாக யோவானைத்தான். காரணம் இருக்கிறது. எதற்காக எழுதினேன் என்று அவரே 20ஆம் அதிகாரக் கடைசியில் சொல்லிவிடுகிறார்: நீங்கள் விசுவாசிக்கும்படி. 21 அதிகாரம், சின்னச் சின்னச் சொற்கள். கிரேக்க மூலத்திலும் அப்படித்தான், மொழி கற்கிறவர்களுக்கு ஆசிரியர்கள் முதலில் கையில் கொடுப்பது யோவானை. வார்த்தை, ஒளி, அப்பம், தண்ணீர், வாசல். இதில் எந்தச் சொல் கடினம்?

சிக்கலே அங்கேதான். சொல் எளிது, பொருள் ஆழம். மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னதும், வயதானவன் திரும்பவும் தாயின் வயிற்றுக்குள் போக முடியுமா என்று நிக்கொதேமு கேட்கிறார். ஜீவத்தண்ணீர் தருவேன் என்றதும் சமாரியப் பெண், மொண்டுகொள்ள உம்மிடம் பாத்திரம் இல்லையே, கிணறும் ஆழமாயிற்றே என்கிறாள். புதிதாகப் படிக்கிறவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில்தான் குடத்தோடு நிற்பார். இந்த இடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் 13 முதல் 17 வரை ஐந்து அதிகாரம், கடைசி இராப்போசன மேசையில் தொடங்கும் பேச்சு நீண்டுகொண்டே போகும்போது, முன்கதை தெரியாதவர் கொட்டாவி விடுவதைத் தடுக்க முடியாது. திருவாசகத்தில் உருகுகிறவர்கள், தேவாரம் பாடிப் பழகியவர்கள் யோவானில் நேராகவே தொடங்கலாம், அந்த மனம் அதில் ஒட்டிக்கொள்ளும். கதை கேட்கத் தயாராக வருகிறவருக்கு நான் தரமாட்டேன்.

மாற்கு வேறு சாதி. நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது, 16 அதிகாரம். முதலில் எழுதப்பட்டதும் இதுதான், ஏறக்குறைய கி.பி. 70ஐ ஒட்டி, என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 'உடனே' என்ற சொல் கிரேக்கத்தில் சுமார் 40 இடங்களில் வருகிறது. ஆள் மூச்சுவிடாமல் சொல்கிறார். செங்காங்கில் ரயில் ஏறி டோபி காட்டில் இறங்குவதற்குள் மூன்று நான்கு அதிகாரம் போய்விடும். ஒரு வாரம் வேலைக்குப் போய்வருவதற்குள் முழுப் புத்தகமும் முடிந்துவிடும்.

நாலாம் அதிகாரக் கடைசியைப் பாருங்கள். இருட்டுகிற நேரம், படகில் போகிறார்கள், புயல் அடிக்கிறது, படகு நிரம்புகிறது. இயேசு படகின் பின்பக்கத்தில் 'தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்'. அந்தத் தலையணை மற்ற மூன்று சுவிசேஷத்திலும் கிடையாது. எழுப்புகிறவர்கள் பக்தியாக எழுப்பவில்லை. நாங்கள் சாகிறோம், உமக்குக் கவலையில்லையா என்று கடிந்துகொள்கிறார்கள். அவர் எழுந்து காற்றை அதட்டி, கடலைப் பார்த்து, 'இரையாதே, அமைதலாயிரு' என்கிறார். வீட்டில் கத்தும் பிள்ளையை அதட்டுகிற மாதிரி. காற்று நின்ற பிறகுதான் சீடர்களுக்கு அதிகப் பயம்: 'இவர் யாரோ?'

அந்தக் கேள்விதான் புத்தகத்தை இழுத்துக்கொண்டு போகிறது. தேவகுமாரன் என்று முதல் வசனமே வாசகரிடம் சொல்லிவிடுகிறது, உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் தெரியாது. ஏறக்குறைய பாதிப் புத்தகம் வந்த பிறகு, எட்டாம் அதிகாரத்தில், பேதுரு 'நீர் கிறிஸ்து' என்கிறார். அவருக்கும் அரைகுறையாகத்தான் புரிந்திருக்கிறது. கடைசியில் சிலுவையடியில் நின்று அதைச் சொல்கிறவன் ஒரு ரோமப் படைத்தலைவன். வெளியாளாக வந்து படிக்கிற ஒருவருக்கு இதைவிட இயல்பான நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. ஆர்ச்சர்ட் ரோட்டில் கிறிஸ்துமஸ் விளக்கைப் பார்த்துவிட்டு மாட்டுத்தொழுவத்தையும் மேய்ப்பர்களையும் தேடி மாற்கைத் திறந்தால் ஏமாற்றம்தான், பிறப்புக் கதையே கிடையாது. கெட்ட குமாரன் கதையும் இல்லை. அத்திப்பழக் காலம் இல்லாதபோது பழம் தரவில்லை என்று மரத்தைச் சபிக்கிறார், ஏன் என்று கேட்டால் நான் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டேன். ஐந்தாம் அதிகாரத்தில் சுமார் 2,000 பன்றிகள் கடலில் பாய்ந்து செத்துப்போகின்றன. "பன்றி என்னை விடாது போலிருக்கு தம்பி" என்றார் அக்கா.

மாற்கில் இல்லாததற்கு லூக்கா. தொழுவம், நல்ல சமாரியன், கெட்ட குமாரன் எல்லாம் அங்கேதான். 15ஆம் அதிகாரத்தில் இளைய மகன் அப்பா உயிரோடு இருக்கும்போதே 'ஆஸ்தியில் எனக்கு வரும் பங்கை' கேட்கிறான். இதன் கனத்தைத் தமிழ்க் குடும்பத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் லூக்காவின் முதல் அதிகாரமே 80 வசனம். முதல் புத்தகமாகக் கொஞ்சம் பெரிது, இரண்டாவதாக மிகச் சரி. அதை எழுதியவரே அப்போஸ்தலருடைய நடபடிகளையும் எழுதியிருப்பதால் கதை அப்படியே தொடரும். தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1714இல் தமிழில் முதலில் அச்சேற்றியதும் நான்கு சுவிசேஷங்களையும் இந்த நடபடிகளையும்தான். புதிய ஏற்பாட்டின் மீதி அடுத்த ஆண்டு.

எந்தப் புத்தகம் என்பதோடு எந்தத் தமிழ் என்பதும் இருக்கிறது. இதை யாரும் முதலில் சொல்வதில்லை. புராட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய பதிப்புதான் புழக்கத்தில் இருக்கிறது. கத்தோலிக்கர்களிடம் 1995இல் வந்த திருவிவிலியம். அங்கே சங்கீதம், இங்கே திருப்பாடல்கள். அங்கே ஞானஸ்நானம், இங்கே திருமுழுக்கு. ஆதியாகமம் இங்கே தொடக்கநூல். கத்தோலிக்கப் பைபிளில் 66க்குப் பதில் 73 புத்தகங்கள் இருப்பதும் தெரிந்திருந்தால் குழப்பம் குறையும். ஒரே வரியை இரண்டிலும் பாருங்கள். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார். நான் தாழ்ச்சியடையேன்' என்பது பழையது. 'ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை' என்பது புதியது. எனக்குக் காதில் ஊறியது முதலாவது, மாற்றமாட்டேன். பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படித்த என் மகளுக்கு இரண்டாவதுதான் உடனே புரிகிறது. 'ஸ்திரீ' என்றால் தெருவா என்று ஒருநாள் கேட்டாள். ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை இருப்பதால் வந்த சந்தேகம்.

அதனால் என் பரிந்துரை ஆளுக்கு ஆள் மாறும். பிள்ளைகளுக்கும் புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் திருவிவிலியத் தமிழ். சம்பந்தம் பேசப் போகிறவர் சம்பந்தி வீட்டுத் தமிழிலேயே படிப்பது நல்லது: ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்றால் திருவிவிலியம், மெதடிஸ்ட் வீடென்றால் பழைய பதிப்பு. அவர்கள் வாயில் வரும் சொல் உங்கள் காதுக்கும் பழகியிருக்கும். அக்காவின் சம்பந்தி வீடு இரண்டாவது வகை. எனவே பழைய பதிப்பில் மாற்கு.

பத்து நாளில் மறுபடியும் லிஃப்ட்டில் பிடித்துக்கொண்டார். "கடைசி அதிகாரத்துல எட்டாம் வசனத்துல, கல்லறைக்குப் போன அந்தப் பொம்பளைங்க பயந்துபோய் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலைன்னு போட்டிருக்கு. பத்தாவதுல மரியாள் போய் அறிவிச்சாள்னு இருக்கு. எது தம்பி சரி?"

ஓய்வுநாள் பள்ளியில் அத்தனை வருடம் இருந்தும் நான் கேட்காத கேள்வி இது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது, மீதி பின்னால் சேர்க்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் பெரும்பாலோர் சொல்கிறார்கள் என்றேன். அக்கா லிஃப்ட் கதவை ஒரு கையால் மறித்துக்கொண்டு யோசித்தார்.

"யார்கிட்டயும் சொல்லலைன்னா, இது எழுதினவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"லூக்காவில் 24ஆம் அதிகாரம் படிங்கக்கா" என்றேன். பின்னால் ஒருவர் சந்தைச் சாமான் வண்டியோடு காத்துக்கொண்டிருந்தார்.